நிழலுக்கு வைத்த மரங்கள்

கொடைக்கானல் கீழ்மலையில், தண்டிக்குடியைத் தாண்டி மண்பாதையில் கொஞ்ச தூரம் போனால் ஒரு காப்பித் தோட்டம். நடுவில் பழைய ஓட்டு வீடு, அதையொட்டிப் பிற்பாடு கட்டிய நான்கு அறைகள். தோட்டக்காரக் குடும்பமே சமைக்கிறது, பரிமாறுகிறது, வருகிறவர்களைத் தோட்டத்துக்குள் கூட்டிப் போகிறது. தை மாதக் கடைசியில், பழம் எடுப்பு முடிகிற சமயம், நானும் என் மனைவியும் அங்கே தங்கினோம். எங்களோடு தங்கியிருந்த சென்னைக் குடும்பத்துப் பையன் முதல் நாள் நடையிலேயே வீட்டுக்காரரிடம் கேட்டான்: "அங்கிள், இது எத்தனை வருஷத்துக் காடு?"

அவர் பக்கத்தில் இருந்த பலா மரத்தில் கை வைத்தார். "இது எங்க தாத்தா வச்சது தம்பி. அந்த அத்தி தானா வந்தது, வெட்டாம விட்டது. அந்தா தெரியுற சில்வர் ஓக்கெல்லாம் எங்க அப்பா காலம். காப்பிக்காக விட்டு வச்ச மரமும் உண்டு, காப்பிக்காக நட்ட மரமும் உண்டு. ரெண்டும் சேந்ததுதான் நீ பாக்குறது."

அந்தப் பதிலுக்குள் நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் பாதி எனக்குக் கீழே இருந்து தெரியும். நான் பட்டிவீரன்பட்டிக்காரன். மலையடிவாரத்தில் பிறந்த எங்களுக்குக் காப்பி என்றால் மூட்டை, களம், உமித்தூசி. அம்மா கிடங்கில் காப்பிக்கொட்டை பொறுக்கினாள். மேலேயிருந்து லாரியில் இறங்கும் பொருளைக் கையால் அளைந்தே வளர்ந்த எங்களில் பலருக்கு, அது விளைகிற இடத்தில் ஓர் இரவு தங்கிப் பார்க்க வாய்த்ததில்லை. மேலே எதற்காக இவ்வளவு மரம் நிற்கிறது என்பது அங்கே போய் நின்றபோதுதான் எனக்கு முழுசாக விளங்கியது.

காப்பி நிழலில் பிறந்த செடி. எத்தியோப்பியக் காடுகளில் பெரிய மரங்களுக்கு அடியில் தானாக வளர்ந்தது. ஏமனிலிருந்து விதை கொண்டு வந்து சிக்கமகளூர்ப் பக்கத்து மலையில் ஊன்றியவர் பாபா புதன் என்பது கர்ணபரம்பரைச் செய்தி. தமிழ்நாட்டில் அது முதலில் வேர் பிடித்த மலைகளில் ஏற்காடு ஒன்று; 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் அங்கே நட்டார். வீட்டுத் தோட்டம் போலச் சின்ன அளவில் இருந்த வரைக்கும் செடிக்குக் குறையில்லை. அதைப் பெருந்தொழிலாக எடுத்த வெள்ளைக்காரத் துரைமார் இலங்கையில் பழகிய முறையைக் கையோடு கொண்டு வந்தார்கள். காட்டை வெட்டு, தீ வை, சாம்பல் மண்ணில் வெயில் படும்படி நடு. குடகிலும் வயநாட்டிலும் மலைச்சரிவுகள் மொட்டையாயின. முதல் சில ஆண்டுகள் பழம் கொட்டியது. அதைப் பார்த்து இன்னும் காடு வெட்டினார்கள்.

1860களின் நடுவில் மழை பொய்த்தபோது வந்து சேர்ந்தது தண்டுத்துளைப்பான். தோட்டக்காரர்கள் இன்றும் 'போரர்' என்றுதான் சொல்கிறார்கள். வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்பில் அந்த வண்டு முட்டையிடும். புழு உள்ளே குடைந்துகொண்டு போகும். வெளியே செடி பச்சையாக நிற்கும், ஒரு நாள் இலை மஞ்சளாகித் தொங்கும், ஆட்டினால் தண்டு முறிந்து கையோடு வரும். குடகில் தோட்டம் தோட்டமாக அழிந்தது. இதை ஆராய மதராஸைச் சேர்ந்த மருத்துவர் ஜார்ஜ் பிடி அனுப்பப்பட்டார். அவருடைய அறிக்கை 1869இல் வந்தது. நிழல் மரங்களை வைத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் முக்கியமான அறிவுரை. வண்டுக்கு வெயில் பிடிக்கும், நிழல் பிடிக்காது என்பதைத் தோட்டக்காரர்களும் தங்கள் நட்டத்திலிருந்து கற்றிருந்தார்கள்.

அதே 1869இல் இலங்கையில் இலைத்துரு நோய் தென்பட்டது. இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி படியும், இலை உதிரும், செடி வெறும் குச்சியாகும். இருபது ஆண்டுக்குள் அங்கே காப்பித் தொழிலே படுத்துவிட்டது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் நம் மாவட்டங்களிலிருந்து மன்னார் வழியாக நடந்து போனவர்கள். துரைமார் தேயிலைக்கு மாறினார்கள், அந்த உழைப்பாளிகளையும் தேயிலைக்கு மாற்றினார்கள். தேயிலைக்குக் காப்பி அளவுக்கு அடர்ந்த நிழல் வேண்டாம். அதனால்தான் இலங்கை மலையகமும் நம் வால்பாறையும் பச்சைக் கம்பளமாகத் தெரிகின்றன, கீழ்மலை காடாகத் தெரிகிறது. தென்னிந்தியாவையும் துரு விடவில்லை. ஆனாலும் இங்கே காப்பி நிழலுக்கடியில் பிழைத்துக் கிடந்தது. பிறகு நோயைத் தாங்கும் வகைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சிக்கமகளூர் மாவட்டம் பாலேஹொன்னூரில் 1925இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் 1940களில் கொடுத்த எஸ். 795 ரகம் இன்னும் கீழ்மலைச் சரிவுகளில் நிற்கிறது. காப்பி வாரியத்துக்குத் தண்டிக்குடியிலும் ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு.

ஒரு வண்டுக்குப் பயந்து விட்டு வைத்த மரங்கள்தான் இன்றைக்கு நாம் காசு கொடுத்துப் பார்க்க வரும் காடு. இதைச் சொல்வதால் அதன் அழகு எனக்குக் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. நிழல் என்றால் மரத்தை நட்டுவிட்டு மறந்துபோகிற காரியம் இல்லை. மேலடுக்கில் அத்தி, நாவல், பலா, சில்வர் ஓக். கீழடுக்கில் கல்யாண முருங்கை. மிளகுக்கொடி சில்வர் ஓக்கில் ஏறும். பங்குனி, சித்திரையில் பூ மழை பெய்ய வேண்டும். பெய்த எட்டு, பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்து மல்லிகை வாசம் அடிக்கும்; இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். அந்த மழை தவறினால் அந்த வருடப் பழம் போச்சு. பருவ மழைக்கு முன்னால் நிழலைக் கழிக்க வேண்டும், இல்லையென்றால் ஈரம் தங்கித் துரு ஏறும். அதிகம் கழித்தால் வெயில் இறங்கி வண்டு ஏறும். எவ்வளவு வெளிச்சம் தரையில் விழவேண்டும் என்பதை மரத்தின் மேலே அரிவாளோடு நிற்கிறவரின் கண்தான் தீர்மானிக்கிறது. அறுபதடி, எழுபதடி உயரத்தில் நின்றுகொண்டு கீழே இருக்கிற செடியின் தேவையை அளக்கிற இந்த வேலைக்கு ஆள் இப்போது அரிதாகிவிட்டது என்றார் வீட்டுக்காரர். இவருடைய தோட்டத்தில் ஒருவர்தான் ஏறுகிறார், அவருக்கும் ஐம்பது வயது தாண்டிவிட்டது.

கீழ்மலைக்கு இன்னொரு நிழலும் இருந்தது, வாழை. விருப்பாச்சி வாழையும் சிறுமலை வாழையும் காப்பிக்கு இடையே நின்றன. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற பழம் விருப்பாச்சிதான். முடிக்கொத்து நோய் வந்து அந்த வாழையைப் பெரும்பகுதி அழித்தது. இதே நோய்தான் 1940இல் இலங்கையிலிருந்து கேரளத்துக்குள் வந்து பரவியது. வாழை போன இடத்தில் சிலர் சில்வர் ஓக்கையே நெருக்கி நட்டார்கள். வளர்ந்தால் வெட்டி விற்கலாம், மிளகும் ஏறும். ஆனால் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்த மரத்தில் நம் பறவைகளுக்குத் தின்னப் பழம் கிடையாது. ஒரே மரம் நிற்கிற தோட்டத்தில் நடந்தால் மௌனம் தெரியும். அத்தியும் நாவலும் விட்டு வைத்த இந்தத் தோட்டத்தில் விடியலில் சீகாரப்பூங்குயில் சீட்டியடிக்கிறது, மலை அணில் கிளை கிளையாகத் தாவுகிறது. தங்க வருகிறவர்கள் எந்தத் தோட்டம் நல்ல தோட்டம் என்று அறிய இந்த ஓர் அடையாளம் போதும்.

காப்பிக்கு முன்பும் இந்த மலையில் ஆட்கள் வாழ்ந்தார்கள். தண்டிக்குடியைச் சுற்றியும் பெரும்பாறைப் பக்கமும் பாறைத் திட்டுகளில் பழங்கால ஈமச் சின்னங்களான கற்திட்டைகள் நிற்கின்றன. சேசு சபைப் பாதிரிமார்களான ஆங்லேடும் நியூட்டனும் பழனி மலைக் கற்திட்டைகளை ஆராய்ந்து எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. தோட்டத்து ஓரத்திலும் ஒரு திட்டை இருக்கிறது. வீட்டுக்காரர் குடும்பம் அதைச் சுற்றிச் செடி வைக்காமல் விட்டிருக்கிறது. பளியர்கள் இந்த மலையின் பழங்குடிகள். தேனெடுத்தும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்தவர்கள். 1882ஆம் ஆண்டு மதராஸ் வனச் சட்டத்துக்குப் பிறகு காடு ஒருபக்கம் அரசுக் காப்புக்காடாகவும் மறுபக்கம் தோட்டமாகவும் பிரிந்தது. இடையில் நின்றவர்கள் தோட்டக் கூலிகளானார்கள். இதைத் தங்கும் விடுதிகளின் சுவரில் யாரும் எழுதி மாட்டுவதில்லை.

வெளியாட்கள் தோட்ட வீட்டில் தங்குகிற வழக்கம் எப்போது வந்தது என்று வீட்டுக்காரரின் அம்மாவிடம் கேட்டேன். எண்பதை நெருங்கும் அந்த அம்மாள் சிரித்தார். "எப்பவுந்தானய்யா தங்குனாக! காசு வாங்குறதுதான் புதுசு."

அவர் மருமகளாக இந்த வீட்டுக்கு வந்த காலத்தில் சித்தரேவிலிருந்து பெரும்பாறை வழியாக மேலே வரும் சாலை இன்றுபோல் இல்லை. காப்பி மூட்டை குதிரையில் இறங்கியது. அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் குதிரையில் ஏறியது. மேலே வந்தவர் அன்றைக்கே இறங்க முடியாது. குதிரைக்காரர், காப்பி வியாபாரி, சர்வேயர், வனக்காவலர், கோயில் வசூலுக்கு வந்தவர் என்று யார் வந்தாலும் திண்ணையை அடுத்த வாசலறையில் ஒரு கட்டில், கம்பளி, அரிக்கேன் விளக்கு. குதிரைக்காரருக்குத் திண்ணை, வியாபாரிக்குக் கட்டில் என்ற வித்தியாசத்தையும் அந்த அம்மாள் மறைக்காமல் சொன்னார். ராத்திரி எத்தனை மணிக்கு ஆள் வந்தாலும் அடுப்பு பற்றவைக்க வேண்டியது வீட்டுப் பெண்களின் வேலை. இன்றைக்குக் காசு கொடுத்துத் தங்குகிறவர்களுக்கும் அதே அடுப்பிலிருந்துதான் கேப்பைக் களியும் மொச்சைக் குழம்பும் வருகின்றன. விருந்து உபசாரம் இந்த வீட்டில் யாரும் பயிற்சி கொடுத்து வந்ததல்ல.

வருமானத்துக்காக அறை விடும் நிலை வந்த கதை சந்தையில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டபோது இந்தியக் காப்பிக்கு வாங்க ஆளில்லை. 1940இல் அவசரச் சட்டம், 1942இல் சட்டம், அதன்பேரில் காப்பி வாரியம். விளைந்த காப்பி முழுவதையும் வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும். வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் மட்டும் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம். தன் தோட்டத்துக் காப்பியை வறுத்து அரைத்துப் பக்கத்து ஊர்க்காரருக்கு விற்கத் தோட்டக்காரருக்கே உரிமை இல்லை. பணம் தவணை தவணையாக வரும், கடைசித் தவணை வருவதற்குள் அடுத்த பழம் எடுப்பு வந்துவிடும். ஆனால் விலை அதலபாதாளத்துக்குப் போகாது என்ற நிம்மதியும் இருந்தது.

அந்தத் தொகுப்புக்குப் போகும் வழியில்தான் எங்கள் ஊர் இருந்தது. பட்டிவீரன்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சவுந்திரபாண்டியனின் ஊர். எங்களுக்கு அது காப்பிக் கிடங்குகளின் ஊர். மேலே பழத்தின் தோலை உரித்து, ஊறவைத்து, கழுவி, காயவைத்து, மெல்லிய உமியோடு 'பார்ச்மென்ட்' ஆக மூட்டை வரும். இங்கே மறுபடி களத்தில் காயப்போட்டு, உமி நீக்கி, சலித்து ஏ, பி, சி என்றும், ஒற்றைக் கொட்டையைப் பீபரி என்றும் பிரிப்பார்கள். ஐந்தாறு கிலோ பழம் சேர்ந்தால் ஒரு கிலோ கொட்டை.

மிஷின் சலித்த பிறகு கடைசிச் சலிப்பு பெண்களுடையது. நீளக் கூடத்தில் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முன்னால் குவிந்த கொட்டையில் கறுப்பு, உடைசல், வெளுத்தது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் பொறுக்குவார்கள். அம்மா காலை எட்டு மணிக்குப் போனால் சாயங்காலம் வரை அங்கேதான். மூட்டைக் கணக்கில் கூலி. 1990இல் கூடலூர்ப் பக்கம் முதன்முதலாகக் காய்த்துளைப்பான் தென்பட்டு மற்ற மலைகளுக்கும் பரவிய பின், குண்டூசித் துளை விழுந்த கொட்டை கலந்து வர ஆரம்பித்தது. அதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரல் நுனியில் கண்டுபிடிப்பாள். வெளிநாட்டுக்குப் போன ஏ ரகம் எங்கள் வீட்டில் ஒருநாளும் இறங்கியதில்லை. உடைசலை வறுத்து இடித்த தூளில், கருப்பட்டி போட்ட வரக்காப்பிதான் குடித்தோம். பிறகு நிறம் பார்த்துப் பிரிக்கும் மிஷின்கள் வந்தன, கூடத்தில் பாய்கள் குறைந்தன. தோட்டம் பற்றிய புத்தகங்களில் துரைமார் வருவார்கள், செடி வரும், வண்டு வரும். அம்மா உட்கார்ந்த அந்தக் கூடம் வருவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

1989 ஜூலையில் சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை உடைந்தது, உலக விலை சரிந்தது. இந்தியாவில் 1992 முதல் படிப்படியாகத் தொகுப்பைத் தளர்த்தி 1996இல் முழுவதும் விட்டார்கள். நடுவில் 1994இல் பிரேசிலில் உறைபனி விழுந்து விலை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியதால், சுதந்திரச் சந்தை எல்லாருக்கும் இனித்தது. சரியாக அந்த நேரத்தில் கடன் வாங்கித் தோட்டத்தைப் பெருக்கியவர்கள் பலர். 2001இல் உலகச் சந்தையில் பவுண்டுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே விலை விழுந்தபோது பழம் எடுக்கிற கூலிக்கே காப்பி காணவில்லை. குடகிலும் சிக்கமகளூரிலும் தோட்ட வீடுகளில் விருந்தினர் அறைகள் பெருகியது அதன் பின்னான ஆண்டுகளில்தான். கீழ்மலைக்கும் அது வந்தது.

"அப்ப ரெண்டே வழி இருந்துச்சுண்ணே," என்றார் வீட்டுக்காரர். "ஒண்ணு மரத்தை வித்துப்புட்டுக் கடனை அடைக்கணும், இல்லாட்டிப் பிளாட் போட்டு விக்கணும். அம்மாதான், வாசலறை சும்மாதானே கிடக்குன்னு சொன்னாங்க."

வாசலறையில் தொடங்கியது நான்கு அறையானது. அந்த வருமானம் காப்பி விலை விழுந்து கிடந்த ஆண்டுகளில் அத்தியையும் நாவலையும் கோடரியிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைக் கடந்தபோது விழுந்த மரங்களுக்குப் பதிலாக அவர்கள் நட்டது சில்வர் ஓக் இல்லை, நாவலும் பலாவும்தான். மலையில் எத்தனையோ சரிவுகளைத் தட்டையாக்கிக் கண்ணாடி வீடுகள் எழும்பிவிட்ட காலத்தில், குடும்பம் நடத்தும் இதுபோன்ற சிறு தங்குமிடம் மலைக்குச் செய்கிற நன்மை பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு குறை உண்டு, அதைச் சொல்லியே ஆகவேண்டும். இந்த வீட்டில் மட்டுமில்லை, நான் பார்த்த எந்தத் தோட்ட வீட்டிலும் நடை, தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போவதில்லை. இங்கே வீட்டுக்குப் பின்னால் ஓடைப் பக்கம் ஆறு லைன் வீடுகள். இரண்டில்தான் இப்போது ஆள் இருக்கிறது. பழம் எடுப்புக்குக் கீழேயிருந்து ஜீப்பில் பெண்கள் ஏறி வருகிறார்கள், பொழுது சாய இறங்கிவிடுகிறார்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடும் மருத்துவமும் பிள்ளைக் காப்பகமும் தரச்சொன்னது பெரிய தோட்டங்களுக்கு. கீழ்மலையில் பெரும்பாலும் சிறு தோட்டங்கள். அங்கே கிடைத்ததெல்லாம் அந்தந்த முதலாளியின் மனசைப் பொறுத்தது.

லைனில் இருந்த மூத்த பெண் ஒருவர் வாசலில் கல்யாண முருங்கை இலையை ஆட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தனை வருஷமாக்கா இங்க இருக்கீங்க?" என்று கேட்டாள். "கல்யாணம் முடிஞ்சு வந்தவ தாயி. அந்தா நிக்குற முருங்கையெல்லாம் நாங்க கம்பா ஊனுனதுதேன். எம் புருசன் மேல ஏறி நெழல் கழிப்பாரு, நான் கீழ நின்னு கெளை பொறுக்குவேன். இப்ப அவுக இல்ல, மரம் நிக்குது" என்றார். சொல்லிவிட்டு எழுந்து போய், எங்களுக்கு வரக்காப்பி போட்டார். வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். வாசலறைச் சுவரில் தாத்தா, அப்பா படங்களுக்குப் பக்கத்தில் இந்தத் தோட்டத்தை நட்டவர்கள் பெயரையும் எழுதி வையுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கூலி எழுதுன பழைய செக்ரோல் புத்தகம் அம்மா பெட்டியில இருக்குண்ணே, அதுல எல்லாப் பேரும் இருக்கும்" என்றார்.

2025 பிப்ரவரியில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டி வரலாறு காணாத விலைக்குப் போயிற்று. விலை வந்த நேரத்தில் எடுக்க ஆளில்லை, நிழல் கழிக்க ஆளில்லை. இந்த மரங்கள் அடுத்த தலைமுறைக்கும் நிற்க வேண்டுமென்றால், மேலே ஏறுகிறவருக்கும் கீழே பழம் எடுக்கிறவருக்கும் அறை வாடகையிலிருந்தும் ஒரு பங்கு போய்ச் சேரவேண்டும்.

தோட்ட வீட்டில் தங்கப் போகிறவர்கள் மார்கழி, தை மாதங்களில் போங்கள். அப்போதுதான் பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் ஓடும், களத்தில் காப்பி காயும். யானை வருமா என்று கேட்கிற மூச்சோடு, நிழல் கழிக்கிறவர் யார் என்றும் கேளுங்கள், லைன் வீட்டுப் பக்கமும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். இறங்கும்போது தூளை அந்தத் தோட்டத்திலேயே வாங்குங்கள். தொண்ணூறுகளில் தொகுப்பு தளரும் வரை அவர்களால் அதை உங்களுக்கு விற்க முடியாமல் இருந்தது.